‘எளிது’ என்று போட்டவர் கவனத்துக்கு

மதிப்பும் மரியாதையும் மிகுந்த புதிர்ப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு, ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, என் முழங்கால் மூவரும் ஒருவாறு நலம். தங்கள் நலம் அறிய ஆவல் என்று அடுத்த வரியில் எழுத வேண்டுமாம், வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அந்த ஆவல் இல்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? நன்றாகவே இருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை யாரிடமும் சொல்லி எழுதவில்லை. என் கையால் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டப் பழகியதே எழுபத்திரண்டு வயதில்தான் என்பதால் நாளுக்கு ஒரு பக்கம், காலைக்கும் மதியத்துக்கும் நடுவே, ஜன்னலோரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கசக்கிப் போடுவீர்கள். போகட்டும். ஆனால் எழுதுவது இவ்வளவு சுகமான வேலை என்று இத்தனை வருடம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் முன்பெல்லாம் எதிரே நிற்க வேண்டும், குரலை உயர்த்த வேண்டும், அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்க வேண்டும். இப்போது பாருங்கள், நீங்கள் அங்கே, நான் இங்கே, உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

எழுத்துத்தான் புதிது. எண்கள் எனக்குப் பழைய சொந்தம். என் லிஃப்ட்டில் பொத்தான்கள் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. ஒன்றிலிருந்து ஒன்பது. தரைத்தளத்துக்கு மட்டும் கீழே தனியாக ஒன்று இருந்தது, அது தேய்ந்தே போய்விட்டது. அதனால் உங்கள் பத்திரிகையை விரித்து, அந்தப் பக்கத்தில் மூன்றுக்கு மூன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்களும் உள்ளே ஒன்று முதல் ஒன்பது வரை எண்களும் இருப்பதைப் பார்த்ததும், பழைய ஆபீசுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சல்யூட் அடிக்காத குறைதான். மேலும் கீழுமாக இருந்த இரண்டு பெரிய கட்டங்களுக்கும் நடுவில் ஒரு சொல் இருந்தது. எ. ளி. து. நானே கூட்டினேன். பத்திரிகையில் நானாகப் படித்த முதல் சொல் அதுதான். அடுத்த அறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். அவளும் வந்து பார்த்தாள். "எளிதுதாங்க. நல்லா படிச்சீங்க. உக்காந்து பொறுமையா போடுங்க" என்றாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

ஐயா, அந்தச் சொல்லைப் பற்றியே முதலில் பேசிவிடுவோம். ‘எளிது’ என்று எழுத நான்கு நாள் பழகினேன். நடுவில் வருகிற ‘ளி’ இருக்கிறதே, அது சுழிந்து இறங்கிக் கடைசியில் தலைக்கு மேல் ஒரு வளைவு போட்டுக்கொண்டு நிற்கும். ‘கடினம்’ என்பதோ முதல் தடவையிலேயே வந்துவிட்டது. அதாவது ‘கடினம்’ என்று எழுதுவது எளிது, ‘எளிது’ என்று எழுதுவது கடினம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தை நீங்கள் அமைத்திருக்கும் அழகைக் கொஞ்சம் பாருங்கள். உச்சியில் ஒரு கட்டம், அதற்குத் தலைப்பே இல்லை. பேர் சொல்லாமல், எந்த மாடி என்றும் சொல்லாமல் லிஃப்ட்டுக்குள் வந்து நிற்பவரை நான் எங்கே கொண்டு போய் இறக்குவது? ஆகவே அதைத் தொடவில்லை. அதன் கீழே ‘எளிது’ என்ற தலைப்பு, அதற்கு ஒரு கட்டம். அதற்கும் கீழே ‘கடினம்’ என்று தலைப்பைப் போட்டுவிட்டு வானிலை அறிக்கை. இதில் மட்டும் தங்களோடு எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. நாளைக்கு மழை வருமா என்று சொல்வது கடினம்தான். அதை ஒப்புக்கொள்ளும் ஒரே பத்திரிகை என்று முதல் வாரம் உங்களை மெச்சிக்கூடப் பேசினேன்.

எந்த எண்ணும் ஒரே வரிசையில் இரண்டு தடவை வரக்கூடாது, மேலிருந்து கீழும் வரக்கூடாது, சின்னக் கட்டத்துக்குள்ளும் வரக்கூடாது என்கிற விதிகளை மனைவிதான் படித்துச் சொன்னாள். பக்கத்தின் மூலையில் ஒரு சிறு பெட்டிக்குள் எறும்பு ஊர்வது போல அச்சடித்திருக்கிறீர்கள். இருபத்தேழு வருடமாக எனக்குப் பத்திரிகை படித்துச் சொல்பவள் அவள்தான். கொஞ்சம் கூட்டியும் குறைத்தும்தான் படிப்பாள் என்பது நான் எழுத்துக் கூட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. எனக்குக் காலாற நடக்கப் போக வேண்டும் போலிருக்கும் நாளிலெல்லாம் பத்திரிகையில் பலத்த மழை வரும். சரி, அது குடும்ப விஷயம். விதிப் பெட்டியில் அவள் படித்த கடைசி வாக்கியம் இது: ‘எண்கள் அதிகமாகத் தரப்பட்டால் கட்டம் எளிது, குறைவாகத் தரப்பட்டால் கடினம்.’ "அவ்வளவுதாங்க" என்று பக்கத்தை மடித்துக் கொடுத்தாள்.

இதை எழுதியவர் வாழ்நாளில் லிஃப்ட்டில் ஏறியிருக்க மாட்டார். கூட்டம் அதிகமாக இருந்தால் வேலை எளிது, கூட்டம் குறைந்தால் கடினம் என்பது போல இருக்கிறது. ஒரு புதன்கிழமை உங்கள் ‘எளிது’ கட்டத்தில் முப்பத்தொரு எண் இருந்தது, பொழுது சாய்கிற வரைக்கும் முடியவில்லை. மறுநாள் இருபத்தைந்துதான், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டேன். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதா விஷயம்? நிற்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதல்லவா விஷயம்!

காலை ஒன்பது மணிக் கூட்டம் எளிது. ஏறும்போதே "நாலு", "ஏழு" என்று அவரவர் சொல்லிவிடுவார்கள், எந்தப் பொத்தானை முதலில் அழுத்தினாலும் சரியாகத்தான் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு வருகிறவர்கள்தான் கடினம். ஐந்து பேர் ஏறுவார்கள், ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஆனால் நான் கேட்டால் மட்டும் "இத்தனை வருஷமா நிக்கிற, தெரியாதா?" என்று கோபம் வரும். அதில் இருவர் கையில் எக்ஸ்ரே உறை. எலும்பு டாக்டர் இரண்டாம் மாடி, நெஞ்சு டாக்டர் எட்டாம் மாடி. யாருக்கு எலும்பு, யாருக்கு நெஞ்சு என்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன? இரண்டும் எட்டும் அந்த இருவருக்குத்தான் என்பது முடிவாகிவிட்டதே! உங்கள் கட்டத்தைப் போல மாடிக்கு ஒருவர்தான் என்று வைத்துக்கொண்டால், மீதி மூவரில் யாரும் அங்கே இறங்க முடியாது. மூவரில் கையில் சாவிக்கொத்து வைத்திருப்பவர் ஐந்துக்கும் போகலாம், எட்டுக்கும் போகலாம் என்று குழம்பிக்கொண்டிருந்தேன், எட்டு போய்விட்டது, ஆக ஐந்து. அதற்குள் உறைக்காரர்களில் ஒருவர் இருமினார். தீர்ந்தது கதை. இதைத்தான் முப்பத்தாறு வருடம் செய்தேன். இன்னார் இங்கே இறங்குவார் என்று கண்டுபிடிக்கிற வேலை எளிது. இன்னார் இங்கேயெல்லாம் இறங்க மாட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கழித்ததையெல்லாம் மனதிலேயே சுமந்துகொண்டு நிற்கிற வேலை இருக்கிறதே, அதுதான் கடினம். எளிய கட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் கதவு திறந்திருக்கும். கடினமான கட்டத்தில் ஒரே ஒரு கதவு, அதுவும் எங்கேயோ மூலையில், அதைக் கண்டுபிடிக்காமல் மற்ற எண்பது சுவர்களில் முட்டிக்கொண்டிருக்க வேண்டும். தங்கள் ‘எளிது’ இந்த ரகம். இதற்கு எளிது என்று பெயர் வைத்த தாங்கள் வீட்டில் யானைக்குட்டி வளர்த்தால் அதற்கு எலி என்று பெயர் வைப்பீர்கள்.

இவ்வளவும் நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போயிருப்பேன். கடிதம் எழுதும் அளவுக்குக் கொண்டுவந்தவர் என் சம்பந்தி, அதாவது என் மருமகளின் தகப்பனார். தேர்வு அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஊரிலுள்ளவர்கள் எல்லாம் பரீட்சை எழுத, அவர் நடுவில் நடந்துகொண்டே இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த நடை போகவில்லை. நான்கு தெரு தள்ளி இருக்கிறார், அவர் வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான். காலை எட்டரைக்கு டெலிபோன் அடிக்கும்.

"என்ன சம்பந்தி, எளிது முடிஞ்சுதா?"

"இப்பதான் உக்காந்தேன் சம்பந்தி."

"நான் முடிச்சு வெச்சிட்டேன். பத்து நிமிஷம். நடுவுல காப்பி வேற."

பதினொரு மணிக்கு மறுபடி அடிக்கும். "இன்னுமா? எளிதுதானே சம்பந்தி அது?" நாலு மணிக்கு மறுபடி. "விட்டுடுங்க சம்பந்தி, நாளைக்கு விடை போடுவான். பாத்து எழுதிக்கலாம்." இந்தக் கடைசி வாக்கியத்தில் அவர் குரலில் வழிகிற கருணை இருக்கிறதே, அதை ஒரு பாட்டிலில் பிடித்துவைத்தால் நாய்க்கடிக்கு மருந்தாகும்.

பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். குளியலறைச் சுவரில் கொத்தனார் ஒன்பதுக்கு ஒன்பதாக ஓடு பதித்திருந்தார். பெரிதாக எழுதினால் கதவு கண்ணில் படும் என்று, துணிக்கு அடையாளமிடும் பேனாவால் அதில் எழுதினேன். அழியாத மை என்று அந்தப் பேனாவிலேயே எழுதியிருந்ததாம், நான் இன்னும் அவ்வளவு தூரம் படித்து முடிக்கவில்லை. அன்றைக்கு மனைவி வாளியோடு உள்ளே போய் வாளியோடு வெளியே வந்தாள். "இது குளிக்கிற இடமா, பரீட்சை ஹாலா? சோப்பை எடுக்கப் போனா ஏழு என்னையே முறைக்குது" என்றாள். அந்தக் கட்டத்தில் ஏழு தவறு என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது, ஆனால் அது இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. அழிப்பான் வாங்கினேன். ஐந்தை அழித்து ஒன்பது, ஒன்பதை அழித்து ஐந்து என்று தேய்த்ததில் தாளில் ஓட்டை விழுந்து, பின்பக்கம் கல்யாண விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு மூக்கு போயிற்று. யோசித்து யோசித்து எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதைப் பார்த்து மனைவி, "இந்தாங்க, இந்த வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே யோசிங்க. அழறதுக்கு ஒரு காரணமாவது இருக்கும்" என்று தட்டை நகர்த்தினாள்.

பல் டாக்டரிடம் போனேன். காத்திருக்கும் அறையில் வேறு ஒரு பத்திரிகை கிடந்தது. அதில் ஒரே ஒரு கட்டம், தலையில் ‘மிகக் கடினம்’ என்று பட்டை எழுத்து. சரி, எளிதில் கிழித்தாயிற்று, இதில் என்ன போகிறது என்று உட்கார்ந்தேன். நடுவில் நர்ஸ் வந்து, "ஆறு யாருங்க? ஆறு உள்ள வாங்க" என்றாள். "ஆறு அங்க வராதும்மா. அந்த வரிசைல ஏற்கெனவே ஒரு ஆறு இருக்கு" என்றேன். ஆறாம் டோக்கனான என்னை விட்டுவிட்டு ஏழாம் டோக்கனை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பதினொன்று உள்ளே போவதற்குள் முடித்துவிட்டேன். ஒரு அழிப்பு இல்லை, ஒரு ஓட்டை இல்லை. பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர் விடைப் பக்கத்தோடு ஒத்துப் பார்த்து, வலியோடு வலியாகக் கை கொடுத்தார். அவர்கள் ஊருக்கு ‘மிகக் கடினம்’ என்று சொல்வது எனக்கு முக்கால் மணி நேரம், நீங்கள் ‘எளிது’ என்று சொல்வது எனக்குச் சாயங்காலம் வரை. இதில் யாருக்கு எழுத்துத் தெரியவில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

இதைச் சம்பந்தியிடம் சொன்னேன். "பல் வலிக்கு ஊசி போட்டாங்களா சம்பந்தி? அதுல அப்படித்தான் தோணும்" என்றார். பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. படிப்புன்னா அஞ்சு வயசுல ஏத்தணும். இந்த வயசுல மண்டைல எழுதினா மை ஊறாது. பேப்பர்காரனே எளிதுன்னு போட்டுக் குடுக்கறதே உங்களுக்கு வரலைன்னா, எதுக்கு அந்தக் குட்டி நாற்காலில போய் முழங்காலை மடக்கிக்கிட்டு?"

குட்டி நாற்காலி என்று அவர் சொன்னது எங்கள் வகுப்பை. பகலில் மழலைகள் படிக்கும் அறையில் மாலையில் நாங்கள் ஒன்பது பேர் படிக்கிறோம். உட்கார்ந்தால் முழங்கால் காதோடு ரகசியம் பேசும். அங்கேதான் நான் என் பெயரை எழுதக் கற்றேன், அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்து கம்பத்தில் மோதிக்கொண்டேன், அந்த வீக்கத்தைத் தடவத் தடவ சந்தோஷமாக இருந்தது. இப்போது அடுத்த நிலை வகுப்புக்குப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமைக்குள் பூர்த்தி செய்து தர வேண்டும், இல்லாவிட்டால் என் இடம் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும். சம்பந்தியின் பேச்சைக் கேட்ட பிறகு அந்தப் படிவத்தை அலமாரியில் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். டீச்சரிடம், "எளிதே எனக்கு வரல டீச்சர், இதுக்கு மேல எதுக்கு, நான் நின்னுக்கறேன்" என்றேன்.

"ஐயா, பேப்பர்ல கட்டம் போடறதுக்கும் நீங்க படிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்திதான் டீச்சர் சம்பந்தம்."

டீச்சர் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும் உங்க இடம் இருக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தாங்கள் மூன்றெழுத்தில் செய்த காரியம் இது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் எழுதினால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எழுபத்திரண்டு வருடம் நம்பியவன் நான். ஒன்று, அந்தக் கட்டத்தின் தலையிலிருந்து ‘எளிது’ என்பதை எடுத்துவிட்டு ‘கடினம்’ என்று போடுங்கள், வானிலைக்கு வேறு தலைப்பு கிடைக்காமலா போகும்? அல்லது, அது கடினமான கட்டந்தான் என்று கையெழுத்திட்டு என் சம்பந்திக்கு ஒரு வரி எழுதுங்கள். இரண்டும் முடியாதென்றால் திங்களன்று படிவத்தை வெற்றுத் தாளாகத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

தங்கள் பேனாவில் மை வற்றாதிருக்கட்டும். தங்கள் வீட்டார் அனைவரும் நினைத்த மாடியில் இறங்கட்டும். தாங்கள் ஏறும் லிஃப்ட் மட்டும் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு பத்து நிமிடம் நின்று, பிறகு நல்லபடியாகப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒன்பது மாடியும் தெரிந்த,
லிஃப்ட்டுக்காரர்.

பின்குறிப்பு: உறையின் மேல் எழுதத் தங்கள் முகவரி வேண்டியிருந்தது. மனைவி மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கூப்பிடாமல் நானே தேடலாம் என்று அந்த எறும்புப் பெட்டியைப் பூதக்கண்ணாடி வைத்துக் கூட்டினேன். முகவரி அங்கே இல்லை. மனைவி படித்து மடித்த வாக்கியத்துக்குக் கீழே இன்னொரு வாக்கியம் இருந்தது. ‘ஒவ்வொரு கட்டத்தின் நிலையும் அதன் அடியில் குறிக்கப்பட்டுள்ளது.’ அடி என்றதும் யாரையோ அடிக்கப் போகிறார்கள் என்று முதலில் பயந்தேன். மூன்றாம் முறை படித்தபோதுதான் பொருள் இறங்கியது. நான் தனியாகப் படித்த முதல் முழு வாக்கியம் இதுதான், அதுவும் எனக்கே எதிராக.

அதாவது, தலைப்பில்லாத மேல் கட்டம்தான் எளிது. ஆறு வாரமாக நான் மல்லுக்கட்டியது கடினம். வானிலை வெறும் வானிலைதான். மேல் கட்டத்தை எடுத்துப் போட்டேன். ஆறு நிமிடம், நடுவில் மூக்குக்கண்ணாடி விழுந்ததையும் சேர்த்து.

மனைவி இறங்கி வந்ததும் அந்த வரியைக் காட்டினேன். "எனக்கு மொத நாளே தெரியுமேங்க" என்றாள். "அப்ப ஏன்டி சொல்லல?" என்றேன். "சொன்னா ஆறு நிமிஷத்துல முடிச்சிட்டு வந்து, கரண்டியை ஏன் இங்க வெச்ச, மூடியை ஏன் அங்க வெச்சன்னு சமையல்கட்டுல நிப்பீங்க. ஆறு வாரம் வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு!" என்றவள், போகிற போக்கில், "கடினத்தைப் போட்டு முடிக்கிற ஆளுக்குப் படிப்பு வராதாமா? உங்க சம்பந்திக்கு வேற வேலை இல்ல" என்றாள்.

உடனே நானே டெலிபோன் செய்தேன், ஆறு வாரத்தில் முதல் முறையாக. "சம்பந்தி, கடினம் முடிஞ்சுதா?" என்றேன். "அதையெல்லாம் யார் சம்பந்தி போடறா? அது சும்மா இடத்தை ரொப்பறதுக்குப் போடறான்" என்றார். "நான் தினமும் அதைத்தான் போடறேன்" என்று வைத்துவிட்டேன். நாளைக் காலை எட்டரைக்கும் நானே செய்வதாக உத்தேசம்.

ஆகவே மேலே எழுதியதில் எலி, யானை, லிஃப்ட் நடுவில் நிற்பது ஆகியவற்றைத் தாங்கள் படிக்காததாக நினைத்துக்கொள்ள வேண்டும். அடித்துவிடலாம்தான், ஒன்பது நாள் எழுதியதை அடிக்கக் கை வரவில்லை. எண்ணிக்கையைப் பற்றி மட்டும் நான் சொன்னது சொன்னதுதான், அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். தலைப்புகளைத் தயவு செய்து மாற்ற வேண்டாம், அப்படியே அடியிலேயே இருக்கட்டும்.

படிவத்தைத் தட்டுக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டேன். அதிலும் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே ‘பெயர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். இதே படிவத்தை நேற்று பூர்த்தி செய்திருந்தால் என் பெயரை அந்தச் சொல்லுக்குக் கீழேதான் எழுதியிருப்பேன். மேலே எழுதிவிட்டேன், கோட்டைத் தொடாமல்.